தாம்பூலப் பையில் காசி

நம் ஊரில் யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யலாம். மூட்டு வலிக்கு எண்ணெய், மகனுக்குக் காலேஜ், மகளுக்கு வரன் என்று எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். புத்தகம் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால், 'இதை எதுக்கு எனக்குச் சொல்லுதான்?' என்றுதான் முதலில் யோசிப்பார்கள். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் என் தங்கை செல்வியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் வேலை. அது சம்பளத்துக்கு. மற்றபடி நான் ஊருக்கே வாசிப்பு வைத்தியர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினம் ஒரு நூல் அறிமுகம் போடுவேன். (பார்ப்பவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் பால்காரர்.) பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பரிந்துரைத்தவன் நான். அவர் இன்னும் அழுத்தித்தான் பல்லைப் பிடுங்கினார்.

செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வரன் அமைந்தது. நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். தாம்பூலப் பை போடும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் யோசித்தேன்.

"தேங்கா நாளைக்கே சட்னியாயிரும்ப்பா. புத்தகம்னா காலத்துக்கும் நிக்கும்."

"ஏலே, சம்பந்தி வீட்டுக்குத் தேங்கா இல்லாத பையக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"நான் பாத்துக்கிடுதேன்ப்பா."

மாப்பிள்ளை கார்த்திக்குக்குப் போன் போட்டு, அவர் வீட்டில் யாருக்கு எதில் ருசி என்று விசாரித்தேன். அம்மாவுக்குச் சமையல் என்றால் உசிர். பெரியப்பாவுக்கு ஊர் சுற்ற ஆசை. மனை போட்டு விற்கும் மாமாவுக்குத் திருட்டு, போலீஸ் கதைகள். பாக்கியம் அத்தைக்குப் பேய்க்கதை கிடைத்தால் சோறு வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். சம்பந்தியம்மாவுக்கு, புதிதாகச் சமைப்பவர்களுக்கான ஒரு கையேடு. (நடுநடுவே வரும் அடுக்களைக் கதைகள் அருமையாக இருக்கும்.) பெரியப்பாவுக்குக் காசி யாத்திரை பற்றிய பயண நூல். மாமாவுக்கு, ஊரை ஏமாற்றிப் பிழைத்த எத்தர்களின் கதைகள். அத்தைக்கு, ஒரு வீட்டுக்குள் புகுந்து வெளியே போக மறுக்கும் பேயின் கதை. அத்தோடு விட்டேனா? எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தேன்: 'வாசித்தபோது, இது உங்களுக்கென்றே எழுதப்பட்டது போல் இருந்தது.'

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தட்டு மாற்றினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், ஆளுக்கொரு பையோடு வேனில் ஏறினார்கள். அரை மணி நேரத்தில் அதே வேன் திரும்பி வந்தது. எதையோ மறந்துவிட்டார்கள் என்று அம்மா கட்டிலுக்கு அடியில் செல்போன் தேடினாள்.

முதலில் இறங்கியவர் பெரியப்பா. கையில் காசி.

"தம்பி, எனக்கு அறுவத்தெட்டுதான் ஆகுது. அதுக்குள்ள வழியனுப்புதீகளே?"

அடுத்து மாமா. "நான் ஊர ஏமாத்துதேன்னு யாரு சொன்னா? கைப்பட எழுதி வேற குடுத்திருக்கீக!"

சம்பந்தியம்மா என் அம்மாவிடம் போனார். "முப்பது வருசமா நான் ஆக்கிப் போட்டுத்தான் எம் புள்ளைக வளந்துச்சு மதினி. உங்க மக வாரதுக்கு முன்னாலயே எனக்குப் பாடமா?"

மாப்பிள்ளையின் அப்பாதான் கடைசி. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்கள விடுங்க. எந் தங்கச்சி பாக்கியம், புருசனோட சண்ட போட்டு, ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்தா. ஒம்பது வருசம் ஆச்சு. அவளுக்குப் போயி, வீட்ட விட்டுப் போகாத பேய்க்கதையா? பொண்ணெடுக்குத எடத்துல இம்புட்டு எளக்காரம்னா, நாங்க யோசிக்கணும்."

கார்த்திக் தலையைக் குனிந்துகொண்டார். (இந்த ஒன்பது வருடக் கணக்கை அவர் போனில் சொல்லவே இல்லை.) அடுக்களை வாசலில் நின்ற செல்வி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, ஒனக்கு ஒரு தேங்கா வாங்க முடியலையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம். ஒரு தேங்காய் இல்லை. அத்தை வேனிலேயே இருக்கிறார் என்றார்கள். அழுதுகொண்டிருப்பார், காலில் விழுந்துவிடலாம் என்று ஓடினேன்.

கடைசி சீட்டில் பாக்கியம் அத்தை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினார்.

"செத்த இருங்க தம்பி. மந்திரவாதி வந்துட்டான்."

பக்கத்தைப் புரட்டினார். நான் படியில் ஒரு காலோடு நின்றேன்.

"போயிருமா அது?"

"அது வந்து, அத்தே..."

"சொல்லீராதீக!" கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அவரே சொன்னார்: "போவாதுய்யா. பாவம், அது எங்க போவும்?"

அப்புறம் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டார். "ஏண்ணே, மரியாதையா எல்லாரும் வண்டியில ஏறுதீகளா? மனுசி படிக்கையில என்ன எரைச்சல்?"

வாசலில் முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காதோரம் கேட்டார்: "வண்டி கெளம்புனதுல இருந்து அவ ஒரு வார்த்த பேசல தம்பி. ஒம்பது வருசத்துல இன்னைக்குத்தான் பாக்கேன். இந்த மாதிரி பொஸ்தகம் இன்னும் எத்தன இருக்கு?"

அப்பா அதற்குள் ஒரு மூட்டைத் தேங்காயோடு வந்து வேனில் ஏற்றினார்.

கல்யாணத்தில் பைக்கு இரண்டு தேங்காய். என்னை அந்தப் பக்கமே விடவில்லை. அத்தைக்கு மட்டும் மாதம் ஒரு பேய் அனுப்பி வருகிறேன். தபால் செலவு சம்பந்தியம்மாவுடையது.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். தாலி கட்டி முடித்த கையோடு பெரியப்பா மேடையேறி, வண்ணத்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் காசி. முதல் பக்கத்தில் என் கையெழுத்து: 'இது உங்களுக்கென்றே எழுதப்பட்டது போல் இருந்தது.'

"பத்திரமா வச்சிருந்தேன் தம்பி," என்றார். "இனிமே ஒங்களுக்குத்தான் தேவப்படும்."

அந்தப் புத்தகம் இப்போது என் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களிடம் 'நீங்கள் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்' என்று நான் ஆரம்பித்தால் போதும், அவள் உள்ளே போய் அதை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிடுவாள்.