நாலு ரஷ்யாக்காரரும் பாக்கியம் அக்காவும்

முந்தநாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு றெக்கோட்டைப் போட்டு, அதைப் போனிலை பதிஞ்சு, கனடாவுக்கு அனுப்புறது.

அவ்வளவுதான்!

கனடாவிலை இருக்கிறது என்ரை மனிசியின்ரை தமையன், சிவம் மச்சான். சோவியத் காலத்திலை மொஸ்கோவிலை எஞ்சினியரிங் படிச்சவர். மற்ற ஆக்கள் வரேக்கை கமரா, கம்பளிக் கோட்டு எண்டு கொண்டுவந்தவை. இவர் ஒரு பெட்டி றெக்கோட் கொண்டுவந்தவர். எல்லாம் ரஷ்யாக்காரரே மறந்துபோன ஆக்கள் எழுதின இசை. நாலு பேர் வட்டமா இருந்து வயலின் வாசிப்பினம். பாட்டு இல்லை, மேளம் இல்லை, சிரிப்பும் இல்லை.

பெட்டி அவரின்ரை தாய் வீட்டிலை, அதுதான் என்ரை மாமி வீட்டிலை, அலுமாரிக்கு மேலை கிடந்தது. மச்சான் போன் எடுத்தார். அவர் கதைக்கேக்கை பாதிக் கதை மூக்காலைதான் வரும்.

"மச்சான்... ம்ஹ்ம்... அதிலை நீல மட்டை ஒண்டு இருக்கும். என்ரை ஹொஸ்டல் கூட்டாளி யூரியின்ரை தகப்பன் அதிலை வாசிக்கிறார். நிலத்திலை ஊண்டி வாசிக்கிற பெரிய வயலின். மனிசன் இப்ப இல்லை. தாய்க்கு நாளைக்குப் பிறந்தநாள். புருசன் வாசிச்சதை ஒருக்கா எண்டாலும் கேக்கோணும் எண்டு கிழவி ஒற்றைக் காலிலை நிக்குது. வேறை ஒருத்தரிட்டையும் அந்த றெக்கோட் இல்லையாம். சத்தம் சந்தடி இல்லாமல் வடிவாப் பதிஞ்சு அனுப்பும்."

"சின்ன அலுவல் மச்சான்!" எண்டன்.

வாய் சும்மா கிடந்தால்தானே!

எங்கடை சரவணை ஊரிலை றெக்கோட் போடுற மெசின் இருக்கிறது ஒரே ஒரு இடத்திலைதான். கலியாணம், திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுற அன்ரனி அண்ணையிட்டை.

"மெசின் ஓடும்," எண்டார். "ஊசி ஒண்டுதான் மிச்சம். ஆனா சத்தம் ஓட்டோவுக்கு மேலை கட்டியிருக்கிற லவுட்ஸ்பீக்கராலைதான் வரும்."

"வரட்டுமே அண்ணை! ஆருக்கு என்ன?"

அது என்ன ஓட்டோ எண்டு நான் ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். ஊரிலை ஆரும் செத்தால் ஒழுங்கை ஒழுங்கையா அறிவிச்சுக்கொண்டு போற ஓட்டோ! முதல் சோகமா ஒரு வயலின் போகும். பிறகு அன்ரனி அண்ணை, கிணத்துக்கை விழுந்த மனிசன் மாதிரி, "மரண அறிவித்தல்ல்ல்..." எண்டு தொடங்குவார்.

போனைக் கதிரையிலை வைச்சு, பதியிற பட்டனை அமத்தி, ஊசியை வைச்சம்.

கடவுளே, என்ன சோகம்! நாலு பேரும் ஒரே வீட்டிலை பெண்ணெடுத்து ஏமாந்த மாதிரி வாசிக்கினம். லவுட்ஸ்பீக்கர் அதை அள்ளிக்கொண்டுபோய் ஊர் முழுக்க ஊத்துது.

முதல் ஓடிவந்தது பாக்கியம் அக்கா. மாமிக்குப் பக்கத்து வளவு. மாமியின்ரை ஆடு இவவின்ரை பூசணிக்கொடியைத் திண்டதிலை இருந்து ரெண்டு பேருக்கும் கதைபேச்சில்லை.

"ஆர் தம்பி?"

நான் வாயிலை விரலை வைச்சன். பதிவு போகுதெல்லே!

அக்கா நெஞ்சிலை கையை வைச்சா. "எங்கடை ஆக்களோ?"

கதையாதேங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டன்.

"ஐயோ! மாமியோ?"

வாயை மூடினால் காணும் எண்டு தலையை ஆட்டிப்போட்டன்.

மூடுறதாவது! எங்கடை செத்தவீடுகளை வெளிநாட்டிலை இருக்கிறவைக்குப் போனிலை காட்டுறது வழக்கம். அக்கா கதிரையிலை இருந்த போனைக் கண்டா. நேரை போய் அதுக்கு முன்னாலை குந்தினா. சேலையைச் சரிப்படுத்தினா. தொடங்கினா!

"ஐயோ என்ரை தங்கம்மாக்கா! என்னை விட்டிட்டுப் போட்டியே! உன்ரை ஆட்டுக்கு என்ரை பூசணித் தோட்டத்தையே தாறன், எழும்பி வாவன்!"

சொன்னால் நம்பமாட்டியள். அந்தப் பெரிய வயலினும் அக்காவும் ஒரே சுருதி! வயலின் இறங்க அக்காவும் இறங்குறா. வயலின் விம்ம அக்காவும் விம்முறா. நாலு பேர் வாசிச்சது அஞ்சு பேராப் போச்சு. ஒழுங்கையிலை சனம் கூடிட்டுது. அன்ரனி அண்ணை பழக்கதோசத்திலை மைக்கைக் கையிலை எடுத்திட்டார்!

அந்த நேரம் பாத்துக் குடையோடை மாமி வாறா. ஆர் செத்ததெண்டு பாக்க!

நான் ஊசியைத் தூக்கப் போனன். மாமி, விடும் எண்டு கையைக் காட்டினா. அக்காவுக்குப் பின்னாலை போய், காதைக் குடுத்துக்கொண்டு நிண்டா.

"உன்னைப்போலத் தங்கமான மனிசி இந்தத் தீவிலை உண்டோ? பிழை முழுக்க என்னிலைதான் அக்கா!"

"உதை இன்னொருக்காச் சொல்லு பாப்பம்," எண்டா மாமி.

அக்கா திரும்பினா. ஒரு கத்து! பாய்ஞ்ச பாய்ச்சலிலை மேசை ஆடி, ஊசி "கிர்ர்ர்ர்" எண்டு றெக்கோட்டுக்குக் குறுக்கை ஒரு ரோட்டுப் போட்டு, முறிஞ்சு விழுந்தது.

ஊசியும் போச்சு. றெக்கோட்டும் போச்சு. மிஞ்சினது போனிலை இருந்த பதிவுதான். அதை மச்சானுக்கு அனுப்பிப்போட்டுப் போனை நிப்பாட்டிப்போட்டன்.

இண்டைக்குக் காலமை ஒரு துணிவிலை போனைப் போட, அடுத்த நிமிசம் மச்சான் எடுத்தார்.

"மச்சான்... ம்ஹ்ம்... அம்மா உயிரோடைதானே?"

"மாமி இஞ்சை கச்சான் கடலை கொறிச்சுக்கொண்டு இருக்கிறா."

"நான் கேட்டுப்பாக்காமலே யூரிக்கு அனுப்பிப்போட்டன் ஐசே! கேக் வெட்டிப்போட்டு எல்லாருக்கும் முன்னாலை போட்டவையாம்."

"கிழவி அழுததோ?"

"முதல் அழுததாம். பிறகு நிப்பாட்டச் சொல்லிப்போட்டுதாம். தன்ரை மனிசன் வாசிக்கேக்கை பக்கத்திலை இருந்து இப்பிடி உருகி அழுதவள் ஆரெண்டு அவவுக்கு இப்ப தெரியோணுமாம்!"

மாமியிட்டைச் சொன்னன். கச்சான் கோதை ஊதினா.

"எங்கடை குடும்பம் காணாதெண்டு இப்ப ரஷ்யாக் குடும்பத்தையும் குழப்பிப்போட்டாளே, பாத்தீரோ தம்பி!"