மூன்றாவது மாடிச் சாவி

சாவி உள்ளே போனது. திரும்பத்தான் மாட்டேன் என்றது.

இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் திருப்பினாள், கடைசியில் கெஞ்சியும் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்தது நேற்று. இன்று காலை பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேரப் போனவளை, "பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குள் காட்டாவிட்டால் வேலை அடுத்தவருக்கு. பாஸ்போர்ட்டோ வீட்டுக்குள் தலையணைக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஓடிய லிஃப்டும் இப்போது ஓடவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஐயோ, என்ன சோதனை இது!" என்றாள் வாய்விட்டு.

"தமிழா?"

மேல்படியில் உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்தார். அவள் அப்பா வயதிருக்கும். காலில் வீட்டுச் செருப்பு. நான்கு நாளாக நேரில் யாரும் பேசிக் கேட்காத மொழி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதவு திறக்க மாட்டேங்குது அங்கிள்."

அவர் சாவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுவா உன் வீடு?"

"ஆமா, நேத்துதான் வந்தேன்."

அவர் சற்று யோசித்தார். "அப்படின்னா திறந்துதானே ஆகணும்!"

எண்ணெய் விட்டால் இளகும் என்றார். கைப்பையில் இருந்தது முகத்துக்குப் பூசும் கிரீம்தான். அதைப் பூசியதும் சாவி இன்னும் ஆழமாகப் போய் இறுகிக்கொண்டது.

"பலமாத் திருப்பும்மா. காலையில சாப்பிட்டியா இல்லையா?"

இரண்டு கையாலும் திருப்பினாள். படக்! சாவியின் தலை கையோடு வந்தது, வால் பூட்டோடு நின்றது.

"போச்சு!"

"போனா போகட்டும் விடு." அவர் குரலில் ஏனோ ஓர் உற்சாகம். "பூட்டு ரிப்பேர்காரனுக்கு ஃபோன் போடு. இவங்க பாஷை உனக்கு வரும்ல?"

முன்பின் தெரியாதவர்களிடம் ஃபோனில் பேசுவதென்றால் தாய்மொழியிலேயே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "தைரியமாப் பேசு, நான் இருக்கேன்ல!" என்று அவர் பக்கத்திலேயே நின்றார். பேசிவிட்டாள். ஆள் வரும்வரை அவள் அழாமலிருக்க ஏதேதோ வேடிக்கைக் கதை சொன்னார். யாரோ ஒருவர், தனக்காக இப்படிக் கால் கடுக்க நிற்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பூட்டுக்காரர் மூச்சு இரைக்க இரைக்க ஏறி வந்தார். "உங்க வீடுதானே?" என்று அந்த ஊர் மொழியில் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். கேள்வி புரிந்ததோ என்னவோ, அங்கிள் அவளைவிட வேகமாகத் தலையாட்டினார். "அவ வீடுதான்! அவ வீடேதான்!" என்று தமிழில் சத்தியமும் செய்தார்.

துளைக்கருவி கத்தியது. பூட்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஓடியவள் அப்படியே நின்றாள். எதிர்ச்சுவரில் கோட்டு போட்டுக்கொண்டு, ஓர் இளம்பெண்ணோடு, புகைப்படச் சட்டத்துக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தார் அங்கிள்.

"ஃபோன்ல மூணாவது மாடின்னீங்க, அங்க யாருமில்ல, உங்க பேச்சு சத்தம் கேட்டுத்தான் மேல வந்தேன். இது நாலாவது," என்றார் பூட்டுக்காரர். "இந்த ஊர்ல தரையிலிருந்தே எண்ணுவாங்க. புதுசா வந்தீங்களோ?"

அவள் ஊரில் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பிளந்திருந்தால் நேராகத் தன் வீட்டிலேயே போய் விழுந்திருப்பாள்.

பூட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கீழே வந்து அவள் கதவையும் திறந்துவிட்டார். பாஸ்போர்ட்டை எடுத்தவள், அவசரத்திலும் மறுபடி மேலே ஓடினாள்.

"உங்க பூட்டையே உடைச்சுட்டேன். இது என் வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அங்கிள்! புதுசா வந்தவ மனசு நோகக் கூடாதுன்னுதானே? இந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச முதல் மனுஷர் நீங்க. உயிர் இருக்கிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

அங்கிள் மாடிப்படியை மேலும் கீழும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ வேற! காலையில சாவியை உள்ள வச்சுட்டு நானே கதவைச் சாத்திட்டேன். இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா ஃபிளைட் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவேன்னு என் பொண்ணு சொல்லியிருக்கா. கடவுள் மாதிரி வந்தேம்மா நீ! சாயங்காலம் அவ கேட்டா, பூட்டை உடைச்சது நீதான்னு மட்டும் சொல்லிடு!"