வின்சன்டுக்கு ஒரு பூசை

ஒரு கொலைகாரனுக்காக மாதா கோயிலில் பூசை கேட்டவள் நான். அவன் உயிரோடு இருந்தவனே இல்லை என்பது அதைவிடப் பெரிய வெட்கம்.

எல்லாம் என் பேத்தி ஷரோனால் வந்தது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கன்பூசியஸ் என்ற சீனத்து ஞானியைப் பற்றிப் படிப்பு. ஒரு ரிவி நாடகத்து வில்லனை அந்த ஞானியின் கண்ணால் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டுமாம். (எனக்கு என் பெயரையே எழுதத் தெரியாது, கட்டுரைக்கு எங்கே போக!) நாடகம் இங்கிலீசு. அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் பார்ப்பேன். வின்சன்ட் ஒரு பூக்கடைக்காரன். பூக்கொத்துக்குள் போதைமருந்தை ஒளித்து விற்பான், குறுக்கே வந்தவர்களைக் கொல்லுவான். கேட்டால் எல்லாம் குடும்பத்துக்காக என்பான். ஆனால் எவ்வளவு பணிவு! கடைக்கு வரும் கிழவிகளுக்குக் கதவு திறந்துவிடுவான்.

"அப்பம்மா, தகப்பன் தகப்பன் மாதிரி நடக்கவேணும், மகன் மகன் மாதிரி நடக்கவேணும். அதுதான் கன்பூசியஸ் சொல்றது" என்றாள் ஷரோன். "தகப்பன் களவெடுத்தாலும் மகன் காட்டிக்குடுக்கக்கூடாதாம். மறைக்கிறதுதான் நேர்மையாம்."

ஷரோனின் தகப்பன், என் மகன் அன்ரனுக்குக் கோபம் ஏறிவிட்டது. கார் நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாத பிள்ளை.

"விசர்க்கதை! அம்மா களவெடுத்தாலும் நான் பொலிசுக்குத்தான் சொல்லுவன்."

"நல்லாப் பெத்து வைச்சிருக்கிறன்" என்றேன்.

கடைசிப் பகுதியில் வின்சன்டைச் சுட்டுவிட்டார்கள். அவனுடைய ஒரே மகன் செத்தவீட்டுக்கே வரவில்லை. ஒரு செபமில்லை, மெழுகுதிரியில்லை.

"பிள்ளை, இப்ப ஆர் பிழை? தகப்பனோ, மகனோ?"

"அப்பம்மா, ரெண்டு பேரும்தான். ஆனா ஒரு விதத்தில ரெண்டு பேரும் இல்லை."

இப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்? எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஒரு ஆத்துமா கேட்பாரில்லாமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு முன் ஃபாதரிடம் வின்சன்டின் பெயரைச் சொன்னேன். அவர் பீடத்தில் நின்று, "அன்ரன் குடும்பத்தினர் ஒப்புக்கொடுக்கும் வின்சன்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார். அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மாதா சுரூபத்தைப் பார்த்தேன்.

மத்தியானம் லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் எங்கள் பங்கின் செபக்கூட்டத் தலைவி பிலோமினா, கையில் சொதிச் சட்டி. பின்னால் கறுப்புச் சேலையில் நாலைந்து பெண்கள். பிலோமினாவின் வாய்க்குள் போனது அடுத்த பூசைக்குள் பங்கு முழுக்கப் போய்விடும். உண்மை தெரிந்தால் நான் இனிக் கோயில் படி ஏற ஏலாது.

"அக்கா, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! என்னண்டு செத்தவர்?"

எனக்குப் பொய் வராது. "சுட்டுப்போட்டினம்."

"ஐயோ! லண்டனிலையோ?"

"பூக்கடைக்குள்ள."

பிலோமினா சோபாவில் விழுந்தாள். "பிள்ளைகள்?"

"ஒரு பெடியன். செத்தவீட்டுக்கும் வரேல்லை."

"அவன் விளங்குவானே!"

எல்லோரும் அழுதார்கள். நானும் உண்மையாகவே அழுதேன். (நினைத்தால் இன்றும் கண் கலங்கும்.)

"உங்களுக்கு என்ன முறை அக்கா?"

நான் ரிவியைப் பார்த்தேன். ரிவி அணைந்து கிடந்தது. அப்போதுதான் அன்ரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முடிந்தது என் மானம், இவன் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், சொதிச் சட்டியைப் பார்த்தான்.

"என்னோட வேலை செய்தவர்."

"நல்ல மனுசனோ தம்பி?"

"ஓம் அன்ரி... குடும்பத்துக்காகத்தான் எல்லாம் செய்தவர்."

சோபாவில் இருந்த ஷரோன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். பாவம், பிள்ளை தாங்கமாட்டாமல் அழுகிறாள் என்று பிலோமினா அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

அவர்கள் போனதும் ஷரோன் குதித்தாள். "அப்பா, உங்கட அம்மாவுக்காகப் பொய் சொல்லிப்போட்டீங்கள்! கன்பூசியசிட்ட நூற்றுக்கு நூறு!"

"வாயை மூடிக்கொண்டு சொதியைச் சாப்பிடு" என்றான் அன்ரன்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் இறந்தவர்களை நினைக்கும் பூசையில் பிலோமினா மறக்காமல் வின்சன்டின் பெயரைக் கொடுத்துவிடுகிறாள். அன்ரன்தான் மெழுகுதிரியைப் பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஷரோன் அந்தப் பூசைக்கு மட்டும் தவறாமல் வருவாள், தகப்பனின் முகத்தைப் பார்க்க.

போன வருடம் பிலோமினா கேட்டாள்: "தம்பி, அந்தப் பெடியன் ஒருக்காலாவது தகப்பன்ர கல்லறைக்கு வந்தவனோ?"

அன்ரன் கண்கூடச் சிமிட்டவில்லை. "ஓம் அன்ரி. போன மாதம் வந்து பூ வைச்சிட்டுப் போனவன்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. "அப்பாடா, வந்திட்டானே!" என்று சிலுவை போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி பாதி குடித்த பிறகுதான், இல்லாத கல்லறையில் யார் பூ வைத்தது என்று எனக்கு மறுபடியும் குழம்பத் தொடங்கியது.