பதிவேட்டில் ஏறாத ஊசி

சிங்கப்பூரிலேயே எதையும் நம்பாத ஒரே மனிதர் ரெண்டு டிக் அண்ணன்தான். சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் இருந்த கிளினிக்கில் கவுண்டர்க்காரர். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழும்வரை போனைக் கீழே வைக்க மாட்டார். பெயர் அப்படி வந்தது. பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு, மாவு கல்லில் விழுகிறதா என்று அடுப்படிவரை போய்ப் பார்ப்பார். தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, எடுக்க வருகிறவருக்காகக் காத்து நின்ற ஆசாமி.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் கிளினிக் கணினியிலிருந்து தேசியப் பதிவேட்டுக்குத் தகவல் போகும். ‘அனுப்பியாச்சு’ என்று திரை சொன்னால் எல்லாருக்கும் விஷயம் முடிந்தது. அண்ணனுக்கு அப்போதுதான் ஆரம்பம். பதிவேட்டைத் திறந்துவைத்து, அங்கே தெரியும்வரை கவுண்டருக்கும் வாசலுக்கும் நடப்பார். குழந்தை அழும். அம்மா பல்லைக் கடிப்பாள்.

“அண்ணே, பஸ் போயிரும் லா!”

“அடுத்த பஸ் வரும்மா. ஊசி கையில ஏறினா போதாது, அங்கயும் ஏறணும்.”

பல்லைக் கடித்தவர்களில் நான்தான் முதல் ஆள். அதனால் அவர் தைப்பூசத்துக்கு லீவு போட்ட நாளாகப் பார்த்துப் போய், மகளுக்குத் தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணையைப் போட்டுக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தேன். என்ன சாமர்த்தியம்!

இரண்டு வருடம் கழித்துப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போனால், பதிவேட்டில் அந்த ஊசியே இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

கிளினிக்குக்கு ஓடினேன். அவர்கள் கணினியில் ஊசி இருந்தது. “இன்னொரு தடவை போட்டுட்டாப் போச்சு” என்றார் டாக்டர். மகள் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

“நான் இல்லாத நாளாப் பாத்து வந்தீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார் அண்ணன். மானம் போயிற்று.

அன்றைக்கு அவருக்குப் பதிலாக வந்தவர் மருந்தின் தொகுதி எண்ணை, அதாவது பேட்ச் நம்பரை, அடிக்காமல் விட்டிருக்கிறார். அதனால் பதிவேடு தகவலைத் திருப்பி அனுப்பியதையும் யாரும் கவனிக்கவில்லை. மகளின் ஹெல்த் புக்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அந்த எண் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்து அடித்து அனுப்பினார். பிறகு கவுண்டருக்கும் வாசலுக்கும் நடை. இந்த முறை நானும் கூடவே நடந்தேன், நாற்பது நிமிடம்.

“ஏறிருச்சு!” என்றார். அதற்கப்புறம்தான் மகள் வெளியே வந்தாள்.

பள்ளி தொடங்கிய அன்று காலையில் போன்.

“பாப்பா உள்ள போயிருச்சா?”

“போயிட்டாண்ணே.”

“கேட்டுக்குள்ளயா, கிளாசுக்குள்ளயா?”

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டியவள், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். அதையே சொன்னேன்.

“சரி, நில்லுங்கம்மா. பாத்துட்டே போங்க. நானும் லைன்லயே இருக்கேன்.”

அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன் எங்கேயும் காத்து நின்றதில்லை.