மாப்பிள்ளை வேண்டாத மீன்

கண்டிப் பட்டணத்தில் கோபப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களெல்லாம் வெறுமனே சத்தம் போட்டவர்கள். உம்மா வாப்பா வைத்த பெயர் என்னவோ, மஹய்யாவப் பகுதி முழுவதும் கொதிதண்ணி நானா என்றால்தான் தெரியும்; நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். மழையோடு கோபித்துக்கொண்டு, கையில் குடை இருக்க, அதை விரிக்காமலே நனைந்து போகிற மனிதர்.

நான் கிளாக்கராக இருந்த மலேரியாத் தடுப்புக் கந்தோரின் பின்புறம் நான்கு சிமெந்துத் தொட்டிகள். அவற்றில் நுளம்பு மீன் வளர்ப்பது நானாவின் உத்தியோகம். சின்னஞ்சிறு மீன், நுளம்பின், அதுதான் கொசுவின், புழுவைத் தின்னும், முட்டையிடாது, குட்டி போடும். ஆண் சிறிசு, வாலெல்லாம் வர்ணம். பெண் சாம்பல் நிறம், எந்நேரமும் வயிறு தள்ளியபடி. கிணற்றுக்கென்று மீன் கேட்டு வருகிறவர்கள் வர்ணத்தில் மயங்கி ஆண்மீனையே போத்தலில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"மீன் வேணுமா, தோடு வேணுமா?" என்று நானா சீறுவார். "தோடு வேணுமெண்டா நகைக்கடைக்குப் போங்க!"

பிறகு காய்ச்சல் வருஷம் வந்தது. மழை பொய்த்து, ஆறு குட்டை குட்டையாய்த் தேங்கி, குட்டைக்கொரு நுளம்புப் படை. வீட்டுக்கு வீடு போர்வைக்குள் நடுங்கினார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் உடனே ஓர் உத்தரவு போட்டார்: கிணறு ஒன்றுக்கு ஒரு ஜோடி மீன், ஜோடியில்லாமல் ஒரு மீனும் வெளியே போகக்கூடாது. தொட்டிகளிலோ ஆண்மீன் தீர்ந்துவிட்டது. மிச்சமெல்லாம் கர்ப்பிணிகள்.

நானா நேரே இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போனார்.

"ஐயா, இதுக்கு ஆம்பள தேவல்ல. ஒருக்கா சேந்தாப் போதும். அந்த வித்த உள்ளுக்கே பத்திரமா வெச்சுக்கிட்டு மாசா மாசம் குட்டி போடும்."

யாழ்ப்பாணத்துக்காரரான இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கென்ன விசரே? ஆணில்லாமல் குஞ்சோ? கந்தோரிலை இந்தக் கதையள் கதையாதேயும்!"

பெட்டைமீன் ஒன்று ஒழுக்கம் தவறிவிட்டதுபோல அவர் முகம் சிவந்தது. நானா தொட்டிக்குப் போனார். வயிறு தள்ளிய மீன் ஒன்றைக் கண்ணாடிப் போத்தலில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "பூட்டி வெச்சுப் பாருங்க!"

இன்ஸ்பெக்டரும் அதைத் தம் கண்ணாடிக் கதவு அலுமாரியில் பூட்டிவைத்தார். சில நாளில் குட்டி போட்டது. "அது முந்தியே கர்ப்பம்" என்றார். குட்டிகளை அன்றே அள்ளியெடுத்துத் தொட்டியில் விட்டோம். தாய் மட்டும் அலுமாரிக்குள் தனியே இருந்தது.

அந்த நாட்களில் நான் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஓமோன் என்னும் சுரப்புநீர் பற்றிப் படித்துவிட்டுத் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஆண்மீனின் வர்ணத்துக்கே அதன் உடம்பில் ஊறும் ஓமோன்தான் காரணமாம். ஓடிப்போய் நானாவிடம் சொன்னேன். "நானா! அந்த ஓமோனைப் பெட்டைக்குக் குடுத்தா அதுக்கும் வர்ணம் வருமில்லையா? இன்ஸ்பெக்டர் ஆம்பளைன்னு நம்பிருவாரே!"

நானா என்னைப் பார்த்த பார்வையில் என் பேனா மை காய்ந்திருக்கும்.

"பெத்துக்கிட்டு ஈக்கிற புள்ளயப் புடிச்சு ஆம்பளயாக்கி எந்தக் கிணத்த தம்பி காப்பாத்தப் போற? ஒன்ட மூளைக்கு ஏதும் ஓமோன் ஈக்குதா பாரு!"

நாலு வாரம் கழித்து அலுமாரிப் போத்தலில் மறுபடியும் குட்டிகள். நான் துள்ளினேன். உத்தரவு மாறிவிடும் என்றே நினைத்தேன். இன்ஸ்பெக்டர் போத்தலைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாவி என்னட்டை. அப்ப ஆர் ஆண்மீனை உள்ளுக்கு விட்டது?"

"சத்தியமா நான் இல்லீங்க ஐயா."

அவர் எழுந்து வந்து என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், ஈரமாக இருக்கிறதா என்று! இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் காய்ச்சலில் கிடக்கிறது. மீன் தொட்டிக்குள் சும்மா நீந்துகிறது. நடுவில் நிற்பது ஜோடி என்கிற ஒரு சொல்.

மறுநாள் குண்டசாலையிலிருந்து ஒரு பெண் மண்பானையோடு வந்தாள். "ஐயா, ரெண்டு புள்ளைங்களும் காய்ச்சல்ல கெடக்குதுங்க. கைப்புள்ள ஒன்னுதான் மிச்சம். கெணத்துல புழுவா நெளியுது. ரெண்டு மீன் குடுங்கையா."

"ஆண்மீன் இல்லை. அடுத்த மாசம் வாரும்" என்றார் இன்ஸ்பெக்டர், தலையை நிமிர்த்தாமல்.

நானா பின்பக்கமிருந்து வந்தார். "பானையக் கொண்டாங்க தங்கச்சி." எல்லோர் கண்ணெதிரிலும் ஆறு பெட்டைமீன்களை அள்ளிவிட்டார். "இதுகளுக்கு மாப்பிள வேணாம். காய்ச்சலுக்கும் அடுத்த மாசம் வா எண்டு சொல்ல ஏலுமா?" என்று கந்தோர் சுவர் அதிரக் கத்தினார்.

அன்று பின்னேரமே நானாவுக்கு வேலைநீக்கக் கடிதம். காரணம்: உத்தரவுக்கு மாறாக மீன் வழங்கியமை. அதைத் தட்டெழுதியவன் நான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இன்ஸ்பெக்டர்மேல் உள்ள கோபத்தைவிட என்மேல் உள்ள அந்தக் கோபம் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தோடு நானாவைத் தேடிப் போனேன். மஹய்யாவ வாய்க்காலில் முழங்காலளவு நின்று, பழைய சாரத் துணியால் மீன் கோலிக்கொண்டிருந்தார். அவரே எப்போதோ விட்ட மீன்களின் பரம்பரை.

"கந்தோர் மீனத்தான் தொட ஏலா. வாய்க்கா மீனுக்கு யார்ர உத்தரவு? தூக்கு அந்தத் தகரத்த!"

இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களோடு குண்டசாலைவரை நடந்தோம். நான் நடந்த விதம், தூக்கிய விதம், மூச்சுவிட்ட விதம் எல்லாவற்றுக்கும் வழிநெடுகத் திட்டினார். பானையோடு வந்த பெண்ணின் கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தோம். அந்த ஆறும் உயிரோடிருந்தன, புழு குறைந்திருந்தது. கைக்குழந்தை அவள் இடுப்பில் காய்ச்சலில்லாமல் விரல் சூப்பிக்கொண்டிருந்தது. நானா குழந்தையைப் பார்த்தார். அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போய், வாளியில் மீனை ஊற்றி மெல்ல இறக்கினார். குனிந்து, கிணற்றுக்குள்ளே, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினார்.

"போங்க மகள். தனியாப் போறமேண்டு பயப்படாதீங்க."

நான் நிற்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மத்தத் தகரத்தக் கொண்டா!" என்று கத்தினார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்குக் கத்தினாலும், எந்தக் கந்தோர்க் கதிரையில் இருந்தாலும் எழுந்து, கொண்டுபோய்க் கொடுப்பேன்.