என் கணவரின் அலுவலக வயது

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தையை அப்போதுதான் தூங்கவைத்திருந்தேன். குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். தொப். தொப். நடுநடுவே யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் ஒரு மூச்சு. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தாயான பிறகு கேட்கவே வேண்டாம். பால்புட்டியை ஆயுதமாக ஓங்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

உள்ளே என் கணவர், இடுப்பில் துண்டோடு, துணி காயப்போடும் கயிற்றை வைத்து ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“வயசைக் குறைக்கிறேன். பேச்சுக் குடுக்காதே, மூச்சு வாங்குது.”

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் மூப்பு, மூளை, இதய ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சியாளர். தூக்கம் கெட்டால் இதயம் என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதற்காக ஆறு வருடமாகத் தூக்கம் கெட்டு உழைத்துவருகிறார். போன மாதம் நிலையத்தின் இயக்குநர் ஓர் ஆணை பிறப்பித்தார்: “பிறந்த தேதி என்பது பெற்றோரின் வாய்வார்த்தையை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது, அறிவியல் அடிப்படை அற்றது. ஆகவே இனி பதவி உயர்வு, ஓய்வு முதலிய சகலமும் கைப்பட்டை காட்டும் உடல் வயதை அனுசரித்தே நடைபெறும்.”

கைப்பட்டை என்பது வாட்ச் மாதிரி ஒரு சமாசாரம். ஒரு வாரம் கட்டியிருந்தால் நாடித்துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து வயதைச் சொல்லிவிடும். இயக்குநர் அந்த மாதம்தான் ஓய்வு பெற இருந்தார். பட்டை அவருக்கு முப்பத்தெட்டு என்றது. அன்னார் அறிவியலுக்குத் தலைவணங்கி, மனமே இல்லாமல், நாற்காலியில் நீடிக்கச் சம்மதித்தார். போகிற போக்கில் இளம் விஞ்ஞானி விருதையும் வாங்கிக்கொண்டார்.

முப்பத்துநாலு வயதான என் கணவருக்குப் பட்டை அறுபத்தொன்று என்றது. நிலையத்தில் ஓய்வு வயது அறுபது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பல்லே முளைக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அந்த அளவு வந்த மறுநாளே நான் நிர்வாக அதிகாரியைப் பார்க்கப் போயிருந்தேன். நிலையத்தில் இப்போது நாற்காலி பழைய நாகரிகம். உட்கார்ந்தால் இதயம் கெட்டுவிடுமாம். அதிகாரி ஒரு பெரிய ரப்பர் பந்தின்மேல் குதித்துக் குதித்துக் கோப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அவருக்கு முப்பத்துநாலுதான் ஆகுது.”

“யார் சொன்னா?”

“அவரைப் பெத்த அம்மா.”

“அந்தம்மா விஞ்ஞானியா?”

“இல்ல சார்.”

“பின்னே? உணர்ச்சிவசப்பட்டு ஒரு தேதியைச் சொல்லியிருப்பாங்க.” ஒரு குதி குதித்தார். “பொன்னாடைகூட வாங்கியாச்சும்மா. சரி, உங்க முகத்துக்காக இன்னொரு வாரம் அளந்து பாக்கலாம். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல.”

அந்த ஒரு வாரத்துக்குத்தான் குளியலறை ஸ்கிப்பிங். முதல் இரண்டு நாள் குதித்ததில் தூக்கம் இன்னும் கெட்டு, பட்டை அறுபத்துநாலுக்கு ஏறியது. மூன்றாம் நாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமியார்.

“என்னம்மா இது, வளையலா?”

“ஆமாம் அத்தை. ராசியான வளையல். கழட்டாதீங்க.”

அத்தை கழற்றவில்லை. சாப்பிட்டார், மொட்டைமாடியில் நடந்தார், பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசினார், தூங்கினார். வாரக் கடைசியில் பட்டை, பழைய அளவுகளையெல்லாம் மறந்துவிட்டு, இருபத்திரண்டு என்றது.

வெற்றிக்களிப்போடு குடும்பமாகக் கிளம்பிப் போனோம். அதிகாரி பந்திலிருந்து இறங்கிக் கைகுலுக்கினார். உடனே அவர் முகம் மாறியது.

“இருபத்திரண்டுன்னா... இங்க ஆறு வருஷ சர்வீஸ். அப்போ பதினாறு வயசுல வேலைக்குச் சேர்ந்திருக்கார். குழந்தைத் தொழிலாளர்! நிலையத்து மேல கேஸ் வந்துடுமே!” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?”

“அஞ்சு, சார்.”

“பதினேழு வயசுப் பையனையா கட்டிக்கிட்டீங்க? படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்களேம்மா!”

கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பொய் வயிற்றில் தங்காது. “சார், பட்டையைக் கட்டியிருந்தது எங்க மாமியார்” என்று உடைத்துவிட்டேன்.

கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தைக்கு மட்டும் முகம் மலர்ந்தது. “எனக்கா இருபத்திரண்டு? நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?”

அதிகாரி கடமை தவறாதவர். இயக்குநரின் அறைக்கு ஓடி அவரைக் கையோடு அழைத்துவந்தார்.

“ஐயா, மாபெரும் முறைகேடு. எந்தப் பட்டை எந்தக் கையில இருந்துச்சுன்னே தெரியல. அதனால இதுவரை எடுத்த அளவு அத்தனையும் ரத்து. எல்லாரையும் என் கண் முன்னாடி, இங்கேயே ஒரு வாரம் உக்காரவெச்சு அளக்கணும். முதல்ல நீங்க கையை நீட்டுங்க.”

“நானா?”

“நீங்க போட்ட ஆணைதானே ஐயா.”

இளம் விஞ்ஞானி கையை நீட்டவில்லை. முப்பத்தெட்டு வயதுக்குரிய வேகத்தில் தம் அறைக்குள் பாய்ந்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அதிகாரி விரல்விட்டு எண்ணினார். “பழைய அளவு ரத்து. புது அளவு எடுக்கல. பிறந்த தேதி செல்லாது. ஆக, அளக்கிற வரைக்கும் ஐயாவுக்கு வயசே கிடையாது. வயசு இல்லாதவருக்கு ஓய்வு குடுக்க விதியில இடமில்லை.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, வராந்தா முழுக்கச் செருப்புச் சத்தம். மூளைப் பிரிவு உள்ளே போய்க் கதவைச் சாத்தியது. இதயப் பிரிவு அதற்கு முன்பே சாத்தியிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “குவார்ட்டர்ஸ் தப்பிச்சுதுடி!” என்றபடி ஆய்வகத்துக்குள் புகுந்தார். முதுமையைத் தடுக்க வந்த நிலையம் ஒரே காலையில் அதைத் தடுத்து நிறுத்திவிட்டது.

வெளியே மிச்சமிருந்தது நாங்கள்தான். அதிகாரி பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“குவார்ட்டர்ஸ்ல இருக்கிற குடும்பத்தாரையும் அளந்துட்டா நல்லதும்மா. நீங்க பாக்க ரொம்பக் களைச்சு இருக்கீங்க. ராத்திரி தூங்குறதுண்டா?”

பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூடக் கண்ணை மூடாதவள் நான். அந்தப் பட்டை என்னை எந்தக் கணக்கில் சேர்க்குமோ! குழந்தையை இடுப்பில் இறுக்கி, அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திறந்திருந்த ஒரே கதவுக்குள் ஓடினேன். பெண்கள் கழிப்பறை.

உள்ளே டைப்பிஸ்ட், நூலகர், மருந்து கலக்குகிற அம்மா என்று ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

“முழிச்சுக்கிட்டு நிக்காதேம்மா” என்றார் நூலகர். “சீக்கிரம் தாழ்ப்பாளைப் போடு, வயசாகுது!”

போட்டேன்.