வார்டில் வாழைப்பழம் நின்றுபோனது பற்றி மாமாவுக்கு

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய ரெங்கராஜ் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மகாலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். ஜீயபுரத்தில் அத்தை நலம், தோட்டமும் நலம், நீங்கள் மட்டும் என்மேல் கொதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா சொல்லி அறிந்தேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் உங்கள் பூவன் பழ வண்டியைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் நான்தான். ஆனால் நடந்தது இதுதான், மாமா. நெஞ்சுநோய் வார்டு வேலையோடு இந்த வருஷம் எனக்கு இன்னொரு பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பயிற்சி டாக்டரைத் தனியாக உட்காரவைத்து, பெரிய டாக்டர் சொன்னார் என்பதற்காக எதையும் செய்யாமல், இதற்கு என்ன ஆதாரம், எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்று தேடப் பழக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் சித்தார்த்தன். தங்கமான பிள்ளை. ஆனால் மழை என்றாலும் ‘எஸ் மேடம்’, வெயில் என்றாலும் ‘எஸ் மேடம்’. ஒரு தடவையாவது ஏன் என்று கேட்க மாட்டானா என்று பார்க்கத்தான் போன வாரம் ஒரு புளுகு விட்டேன். “இருமல் இருக்கறவங்களுக்கு வாழைப்பழம் கூடாதுன்னு ஒரு பெரிய ஆய்வே வந்திருக்கு.” தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லையே மேடம் என்று வந்து நிற்பான் என்று நான் காத்திருக்க, அவன் எஸ் மேடம் என்று நேரே வார்டுக்குப் போய் அக்னஸ் சிஸ்டரிடம் சொல்ல, அவங்க அதை போர்டில் எழுத, நெஞ்சுநோய் வார்டுல இருமாதவங்க யாரு மாமா, ஒருத்தர் பாக்கியில்லாம பழம் நின்னு, பக்கத்து வார்டுக்காரங்களும் நமக்கெதுக்கு வம்புன்னு நிறுத்தி, கடைசியில கேன்டீன்காரர் உங்க வண்டியையே திருப்பிட்டார். நான் அன்னிக்கு லீவு, சத்தியமா.

மறுநாளே அவனைக் கூப்பிட்டேன். “சித்தார்த்தன், நான் வேணும்னேதான் பொய் சொன்னேன். அப்படி எந்த ஆய்வும் எனக்குத் தெரியாது. பழத்தைக் கொடுக்கச் சொல்லுங்க.”

அவன் நகரவில்லை. “மேடம், கேன்டீனுக்குப் பழம் போடறவர் உங்க மாமாங்களாமே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஒரு விஷயத்தை நம்பறதுக்கு முன்னாடி அதனால யாருக்கு லாபம்னு பாருன்னு நீங்கதான மேடம் சொல்லிக்கொடுத்தீங்க?”

மருந்து ஊற்றிக்கொண்டிருந்த அக்னஸ் சிஸ்டர், “நல்லாக் கேட்டீங்க டாக்டர்” என்று என் எதிரிலேயே சிரித்தாங்க.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பொய் சொன்னபோது நம்பினான், உண்மையைச் சொன்னபோது சந்தேகப்படுகிறான். அவனை வாய் திறக்க வைத்தது எது? இத்தனை வாரமாக நான் கத்தியதா, இல்லை நீங்க எனக்கு மாமாவாப் பொறந்ததா? அதுதான் இப்ப எனக்கு மண்டைக் குடைச்சல். நான் நேராக கேன்டீனுக்கு ஒரு போன் போட்டால் நாளைக்கே உங்க வண்டி உள்ளே வந்துடும். ஆனா அப்புறம் அவனுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர்றது? ‘நானே தேடிட்டுச் சொல்றேன் மேடம்’ என்று புதன்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மாமா. வாழைத்தாரை எல்லாம் காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடாதீர்கள். அவன் எப்படித் தேடினாலும் வார்டுக்குப் பழம் வந்தே தீரும், அதுக்கு நான் பொறுப்பு.

அத்தைக்கு என் வணக்கம். வரும்போது உங்கள் காலில் விழுந்து எழுந்திருக்கிறேன், அதுவரை ஆசீர்வாதத்தை நிறுத்தி வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மகாலட்சுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சித்தார்த்தன் போன் செய்தான். தேடியதில் தெளிவாகச் சொல்லும் ஆய்வு ஒன்றும் அவன் கண்ணில் படவில்லையாம். அதனால் அவனே ஒன்று நடத்தப் போகிறானாம், பாதிப் பேருக்குப் பழம், பாதிப் பேருக்குக் கிடையாது. அனுமதி கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டான். ஆகவே வார்டுக்குப் பழம் வருவது உறுதி. ஆய்வில் யாரும் குறை சொல்லக் கூடாதென்று, மேடத்தின் மாமா தோட்டத்தை மட்டும் விலக்கிவிட்டு, லால்குடிக்காரர் ஒருவரிடம் மூன்று மாதத்துக்குப் பேசி முடித்துவிட்டானாம்.